மழையில் அஷ்டமுடிக் காயல்: வத்திராயிருப்புப் பக்கமிருந்து படகேறப் போறீங்களா?

ஜூன், ஜூலையில் வத்திராயிருப்பில் நின்று மேற்கே பாருங்க. சதுரகிரி மலை உச்சி தெரியாத அளவுக்குக் கறுப்பு மேகம் மூடியிருக்கும். நம்ம தலையில் விழுறது என்னவோ நாலு சொட்டுச் சாரல்தான். மொத்த மழையையும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளா வாங்கிக்கொள்ளும். நமக்குக் காற்றும் தூசியும் மிச்சம். நம்ம பக்கத்துக்கு உருப்படியான மழை வேணும்னா ஐப்பசி, கார்த்திகை வரை காத்திருக்கணும்.

அந்த மழையை அது பெய்கிற இடத்துக்கே போய்ப் பார்த்தால் என்ன? அதுவும் ரோட்டில் நின்று இல்லை, படகில் உட்கார்ந்து. மழை நாளில் படகில் கடலோர நீர்வழிகளுக்குள் நுழைந்து போவது என்றதும் நார்வே, நியூசிலாந்து ரீல்ஸ்தான் ஞாபகம் வரும். நியூசிலாந்தின் மில்ஃபோர்டு சவுண்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். மழை பெய்யும்போதுதான் அங்கே பாறைச் சுவர் முழுக்கத் தற்காலிக அருவிகள் இறங்கும் என்பதால், மழை நாளுக்கென்றே காத்திருக்கிறவர்கள் உண்டு. அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ ரயில் ஏறினால், வண்டி மாறாமலே கொல்லத்தில் போய் இறங்கலாம். அங்கே அஷ்டமுடிக் காயல் இருக்கிறது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழையில் படகுப் பயணம் அருமையான விஷயம்தான். ஆனால், 'இன்னைக்குப் போகக் கூடாது' என்கிற நாள்களும் அதே சீசனில்தான் வரும். எந்த நாள் எது என்று தெரிந்துகொள்வதில்தான் இந்தப் பயணமே இருக்கிறது. அதனால், அழகைப் பற்றி எவ்வளவு பேசுகிறோமோ அதே அளவுக்கு ஆபத்தைப் பற்றியும் பேசப் போகிறோம்.

எட்டுக் கைகள், ஒரே வாசல்

அஷ்டமுடி என்றால் எட்டு முடி, எட்டுக் கிளை. மேப்பைத் திறந்து பாருங்க, ஆக்டோபஸ் கையை விரித்துப் படுத்திருக்கிற மாதிரி இருக்கும். கேரளத்தில் வேம்பநாட்டுக் காயலுக்கு அடுத்த பெரிய காயல் இதுதான், சுமார் 61 சதுர கிலோமீட்டர். 2002-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. காயல் என்கிற சொல் நமக்கும் புதுசு இல்லை. காயல்பட்டினமும் பழையகாயலும் தூத்துக்குடி மாவட்டத்தில்தானே இருக்கின்றன? கடலும் ஆறும் கலந்து, உப்பும் இல்லாத நன்னீரும் இல்லாத தண்ணீர் தேங்குகிற இடம் அது.

இந்த எட்டுக் கைகளுக்கும் கடலுக்குப் போக நீண்டகரை என்கிற ஒரே ஒரு வாசல். உள்ளே தண்ணீர் கொண்டுவருவது முக்கியமாகக் கல்லடை ஆறு. செங்கோட்டையைத் தாண்டி ரயிலில் போகும்போது தென்மலை வருமே, அந்த மலைகளில் பிறக்கிற ஆறுதான் அது. ஆக, காயலின் தண்ணீர் மட்டத்தை இரண்டு பேர் தீர்மானிக்கிறார்கள். மேற்கிலிருந்து கடலின் ஏற்ற இறக்கம், கிழக்கிலிருந்து மலை மழை. இரண்டும் ஒரே நேரத்தில் ஏறினால், சின்னக் கால்வாய்களில் நடைபாலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே படகு போக இடமே இருக்காது.

இந்தக் கணக்கு வத்திராயிருப்புக்காரர்களுக்குப் புதுசாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தாணிப்பாறையில் வெயில் அடிக்கும், மேலே பெய்த மழை ஓடையில் திடீரென்று இறங்கும். 2015 மே மாதம் சதுரகிரி ஓடை வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்ததை ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மழை என்றால் வனத்துறை மலையேற விடாததற்குக் காரணமும் அதுதான். கொல்லத்திலும் அதே விதி. காயல் மேலே வானம் தெளிவாக இருக்கிறதே என்று நம்பாமல், தென்மலைப் பக்கம் எப்படிப் பெய்கிறது என்று பாருங்க.

போற வழியே பாதி டூர்

வத்திராயிருப்பில் ரயில் கிடையாது. கிருஷ்ணன்கோவில் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டால் போதும். சென்னை - கொல்லம் எக்ஸ்பிரஸ் நம்ம பக்கத்து ஸ்டேஷன்கள் வழியாகத்தான் போகிறது. மதுரை - குருவாயூர் எக்ஸ்பிரஸும் இதே பாதைதான். நேரம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், ஆப்பில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதைக்கு ஒரு கதை இருக்கிறது. கொல்லம் துறைமுகத்தையும் தமிழ்நாட்டையும் இணைக்க மலையைக் குடைந்து போட்ட மீட்டர்கேஜ் பாதை, 1904-ல் ரயில் ஓடத் தொடங்கியது. அகலப்பாதை வேலைக்காக 2010-ல் நிறுத்தினார்கள். திரும்ப முழுசாக ஓடத் தொடங்கியபோது 2018 ஆகிவிட்டது. அந்த எட்டு வருஷமும் நம்ம பக்கத்து ஆட்கள் பஸ்ஸில் மலையேறி இறங்கியதைப் பெரியவர்களிடம் கேளுங்க, ஒரு மணி நேரத்துக்குக் கதை சொல்வார்கள். செங்கோட்டை - புனலூர் இடையே 49 கிலோமீட்டர்தான். ஆனால், ஏற்றம் அதிகம் என்பதால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இன்ஜின் மாட்டித்தான் வண்டி ஏறும். குகை, பாலம், குகை, பாலம். கழுதுருட்டி பக்கம் வருகிற பதிமூணு கண் பாலத்தைத் தவறவிடாதீங்க. அதற்காகப் படியில் தொங்கி செல்ஃபி எடுக்க வேண்டாம், மழையில் படி வழுக்கும்.

செங்கோட்டையில் சாரல், குகைக்குள் நுழைந்து ஆரியங்காவு பக்கம் வெளியே வந்தால் அடைமழை. நாலைந்து நிமிஷத்தில் சீசன் மாறுவதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. கனமழை நாள்களில் இந்த மலைப் பாதையில் மண் சரிந்து ரயில் நிற்பதும் உண்டு. அதனால் திரும்பி வருவதற்கு ஒரு நாள் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்க. திங்கட்கிழமை காலை ஆபீஸில் இருந்தே ஆகணும் என்றால், ஞாயிற்றுக்கிழமை கடைசி வண்டியை நம்பாதீங்க.

எந்தப் படகு?

கொல்லம் படகுத் துறை, கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் ஸ்டாண்டை ஒட்டியே இருக்கிறது. இங்கிருந்து கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை படகுகள் ஓடுகின்றன. நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரி. பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன்கூடை, மளிகைச் சாமான் எல்லாம் ஏறும். மழை வந்தால் பக்கத் திரையை இறக்கிவிட்டுப் படகு பாட்டுக்குப் போகும். டிக்கெட் மலிவு. மழையில் காயலைப் பார்க்க இதைவிடப் பாதுகாப்பான, சினிமாத்தனம் இல்லாத வழி வேறில்லை. சுற்றுலாவுக்கென்றே 'சீ அஷ்டமுடி' என்று ஒரு படகும் இதே துறை விடுகிறது. சீட் முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது.

அடுத்தது மன்றோ துருத்து. கல்லடை ஆறு காயலில் கலக்கிற இடத்தில் இருக்கிற சின்னச் சின்னத் தீவுகளின் கூட்டம். 1810-களில் திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த கர்னல் ஜான் மன்றோவின் பெயர். சென்னையில் குதிரை மேல் சிலையாக இருக்கிற தாமஸ் மன்றோ வேற ஆள், குழப்பிக்க வேண்டாம். துருத்து என்பது நம்ம பழைய தமிழ்ச் சொல் துருத்திதான், ஆற்று நடுவே இருக்கிற திட்டு. தஞ்சாவூர் பக்கம் திருப்பூந்துருத்தி இருக்கே, அதே துருத்தி. கொல்லத்திலிருந்து பாசஞ்சர், மெமு வண்டிகள் மன்றோ துருத்து ஸ்டேஷனில் நிற்கும்.

இங்கே மோட்டார் இல்லாத வள்ளம்தான் விசேஷம். மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுவார்கள். இரண்டு கை அகலக் கால்வாய், இரு பக்கமும் தென்னை, வீட்டுக் கொல்லை, இறால் குட்டை. மழை மெல்லிசாகப் பெய்யும்போது கால்வாய்த் தண்ணீர் மேல் விழுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இருக்காது. ஸ்பீக்கரில் பாட்டுப் போடுகிற கோஷ்டி பின்னால் வந்தால் கொஞ்சம் ஒதுங்கி அவர்களை முன்னே விட்டுவிடுங்க. நடைபாலங்கள் ரொம்பத் தாழ்வானவை. ஓடக்காரர் 'தல குனிக்கு' என்றால் குனிந்தே ஆகணும். கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடியோ எடுக்கிறவர்கள்தான் பெரும்பாலும் முட்டிக்கொள்கிறார்கள்.

ஹவுஸ்போட் பற்றியும் கேட்பீங்க. ஆலப்புழையில்தான் அது ஜாஸ்தி. பழைய நெல் ஏற்றிய கெட்டுவள்ளத்தின் வாரிசு. சாயங்காலம் ஐந்தரை வாக்கில் கரையில் கட்டிவிடுவார்கள். இருட்டிய பிறகு காயல் வலை போடுகிறவர்களுக்கு. மழை நாளில் ஜன்னலை மூடி ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், லாட்ஜ் ரூமுக்கும் அதற்கும் வித்தியாசம் ரொம்ப இல்லை. நாலைந்து பேர் பங்கு போட்டுச் செலவழிக்கத் தயார் என்றால் சரி. என்னைக் கேட்டால், முதல் மழைப் பயணத்துக்கு அரசுப் படகு காலையில், வள்ளம் மறுநாள் காலையில். ஸ்பீட் போட் மழையில் வேண்டவே வேண்டாம். முகத்தில் அறைகிற மழைத்துளியில் கண்ணே திறக்க முடியாது.

சாம்பிராணிக்கோடி இன்ஸ்டாவில் ரொம்ப ஃபேமஸ். காயல் நடுவே முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று எடுக்கிற படங்கள் பார்த்திருப்பீங்க. அது வெயில் கால இடம். மழை வலுத்தால் முழங்கால் தண்ணீர் எப்போது இடுப்புத் தண்ணீர் ஆகும் என்று சொல்ல முடியாது. அனுமதி இருக்கிறதா என்று கேட்காமல் போய் நிற்காதீங்க.

நீண்டகரையில் ஒரு பூட்டு

மழைக்காலத்தில் மட்டும் பார்க்கக் கிடைக்கிற ஒரு காட்சி இருக்கிறது. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் இழுவை மடித் தடை. நம்ம கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15-ல் தொடங்கி 61 நாள் இருக்கே, அதே மாதிரி. நீண்டகரையில் பாலத்துக்குக் கீழே சங்கிலி கட்டி வழியை அடைத்துவிடுவார்கள். நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் வரிசையாகக் காயலுக்குள் கட்டிக் கிடக்கும், மழையில் நனைந்துகொண்டு. ஜூலை 31 நள்ளிரவில் சங்கிலியை எடுத்ததும் எல்லாம் ஒன்றாகக் கடலுக்குப் பாயும். அன்று இரவு கொல்லத்தில் இருக்க வாய்த்தால் விட்டுடாதீங்க.

விசைப்படகு இந்தக் கரைக்கு வந்த கதைக்கும் நார்வேக்கும் சம்பந்தம் உண்டு. மீன்பிடிப்பை இயந்திரமயமாக்க இந்திய - நார்வே திட்டம் 1953-ல் தொடங்கியது இந்த நீண்டகரை, சக்திகுளங்கரைப் பக்கம்தான். மழையும் குறுகிய கடல் வழிகளுமாக வளர்ந்த நாட்டுக்காரர்கள் வந்து இறங்கியது, அதே மாதிரி மழையும் குறுகிய வாசலுமாக இருக்கிற ஊரில். தொழிலில் அது கொண்டுவந்த லாப நஷ்டங்கள் இன்றும் விவாதத்தில் இருக்கின்றன. அது தனிக் கட்டுரைக்கான சங்கதி.

தடைக் காலத்தில் ஓட்டலில் மீன் கம்மி, விலை ஜாஸ்தி. நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லை என்பதால் ஃப்ரெஷ் மீன் அறவே இல்லாமல் போகாது. கப்பையும் மீன்கறியும் மழைக்கு எடுப்பான ஜோடி. கரிமீன் கிடைத்தால் அதிர்ஷ்டம். இந்தக் காயலின் கக்கா என்கிற சிப்பிக்கும் ஒரு பெருமை இருக்கிறது. வலைக்கண் அளவைக் கட்டுப்படுத்தி, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுக்காமல் விட்டு வளர்த்ததற்காக 2014-ல் எம்.எஸ்.சி. என்கிற சர்வதேசச் சான்றிதழ் கிடைத்தது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் மீன்பிடிப்பு இதுதான்.

படகு ஏறும் முன் ஐந்து நிமிஷம்

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. கேரள நீர்வழிகளில் நடந்த விபத்துகளின் வரிசையைப் பாருங்க. 1924 ஜனவரியில் கொல்லம் - ஆலப்புழை நீர்வழியில் பல்லனையில் 'ரிடீமர்' படகு கவிழ்ந்தது. மலையாளத்தின் பெரிய கவிஞர் குமாரன் ஆசான் அதில் இறந்தார். 2002 ஜூலையில் முஹம்மாவிலிருந்து குமரகம் போன படகு மூழ்கி 29 பேர். 2009 செப்டம்பரில் தேக்கடியில் 45 பேர், அதில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் உண்டு. 2023 மே மாதம் தானூரில் 22 பேர், அதில் பாதிக்கு மேல் குழந்தைகள்.

கவனித்தால் ஒன்று புரியும். இந்த விபத்துகளைப் பேசும்போது புயலைவிட அதிகமாக அடிபடுவது அளவுக்கு மீறிய கூட்டம், ஒரே பக்கம் சாய்ந்த பயணிகள், சுற்றுலாவுக்கு லாயக்கில்லாத படகு, போடாத லைஃப் ஜாக்கெட், இருட்டிய பிறகும் ஓட்டியது. மழையை நம்மால் நிறுத்த முடியாது. இந்த லிஸ்டில் இருக்கிற எல்லாவற்றையும் படகுத் துறையில் நின்றே பார்க்க முடியும்.

முதலில், படகின் பக்கத்தில் பதிவு எண் இருக்கிறதா? கேரளத்தில் கே.ஐ.வி. என்று தொடங்கும். எத்தனை பேர் ஏறலாம் என்றும் எழுதியிருக்கணும். ஏறுகிறவர்களை எண்ணுங்க. குழந்தையை மடியில் வைத்திருந்தாலும் ஒரு ஆள் கணக்குத்தான். எண் தாண்டினால் இறங்கிவிடுங்க. 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சேட்டா' என்று நாமே சொல்வதுதான் பெரிய ஆபத்து. பத்துப் பேர் கோஷ்டியாகப் போய், ஆறு பேர் படகில் எல்லோரும் ஒன்றாகத்தான் போவோம் என்று அடம்பிடிக்காதீங்க. இரண்டு படகு எடுங்க. மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

லைஃப் ஜாக்கெட்டை 'போலீஸ் வந்தா போட்டுக்கலாம்' என்று காலடியில் போட்டு வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. கவிழ்ந்த பிறகு தண்ணீருக்குள் அதை மாட்ட முடியாது. போட்டு, எல்லா கிளிப்பும் மாட்டி, நண்பரை விட்டுத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்க. காது வரை ஏறி வந்தால் அது லூஸ். ரெயின்கோட்டுக்கு மேலேதான் ஜாக்கெட், உள்ளே இல்லை. போர்வை மாதிரி தொங்குகிற பாஞ்சோ வேண்டாம், தண்ணீரில் கை கால்களைச் சுற்றிக்கொள்ளும். ஜீன்ஸும் வேண்டாம், நனைந்தால் கனம்.

'எனக்கு நல்லா நீச்சல் தெரியும், பிளவக்கல்லில் குதிச்சு வளர்ந்தவன்' என்பீங்க. சரிதான். கிணற்று நீச்சலும் கண்மாய் நீச்சலும் நின்ற தண்ணீரில். காயலில் ஆற்று இழுப்பும் கடல் இழுப்பும் சேரும். கீழே சேறு, வலை, பாசி. படகு கவிழ்ந்து கூரைக்கு அடியில் மாட்டினால் நீச்சலே உதவாது. அதனால், மேல்தட்டு இருக்கிற படகில் எல்லோரும் மேலே ஏறிக் கூட்டம் போடாதீங்க. யானையோ டால்ஃபினோ எது தெரிந்தாலும் எல்லோரும் ஒரே பக்கம் ஓடாதீங்க.

இரண்டு மழை, இரண்டு குணம்

கேரளத்தில் மழை இரண்டு. ஜூனில் தொடங்குகிற தென்மேற்குப் பருவமழை நின்று நிதானமாக நாள் முழுக்கப் பெய்யும். காற்றும் சேரும். அக்டோபர், நவம்பரில் வருகிற துலாவர்ஷம் வேறு ரகம். காலையில் பளிச்சென்று வெயில், மத்தியானத்துக்கு மேல் இடி. மின்னலுக்குப் பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை ஜாக்கிரதை என்று அந்த மாநிலப் பேரிடர் துறை ஒவ்வொரு சீசனிலும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. திறந்த காயலில் வள்ளத்தில் உட்கார்ந்திருக்கும்போது அக்கம்பக்கத்தில் உயரமான பொருள் நீங்கள்தான். இடிச் சத்தம் கேட்டதுமே கரைக்குத் திருப்பச் சொல்லுங்க. கரையேறித் தென்னை மரத்தடியில் நிற்காதீங்க, ஏதாவது வீட்டுத் திண்ணையில் ஒதுங்குங்க. கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருக்கணும்.

கிளம்பும் முன் இந்திய வானிலை மையத்தின் நிறத்தைப் பாருங்க. மஞ்சள் என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை எதிர்பார்ப்பு. ஆரஞ்சு அதற்கு மேல் 204.4 வரை. சிவப்பு அதையும் தாண்டி. மஞ்சளில் அரசுப் படகு ஓடினால் ஏறலாம். ஆரஞ்சில் ரூமில் இருந்து கப்பை சாப்பிடுங்க. சிவப்பில் வீட்டை விட்டே கிளம்பாதீங்க. கொல்லத்துக்கு மட்டும் பார்க்காமல் பத்தனம்திட்டா, தென்காசி நிறத்தையும் சேர்த்துப் பாருங்க. மேலே சொன்ன மலைக் கணக்கு அதுதான். கடலோரத்தில் 'கள்ளக்கடல்' என்றும் ஒன்று உண்டு. உள்ளூரில் காற்றே இல்லாமல், எங்கோ தூரத்துப் புயல் கிளப்பிய அலை திருடன் மாதிரி வந்து கரையேறும். ஹைதராபாதில் இருக்கிற இன்காய்ஸ் மையம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. அந்த எச்சரிக்கை இருக்கிற நாளில் நீண்டகரை முகத்துவாரப் பக்கம் போகிற படகே வேண்டாம்.

போன் விஷயம். ஐ.பி.68 என்று எழுதியிருக்கிறதே என்று தைரியமாக நனைக்காதீங்க. அது சோதனைச்சாலை நன்னீருக்குச் சொன்னது. காயல் தண்ணீர் உப்பு. தண்ணீர் போய்க் கெட்டால் பெரும்பாலும் வாரன்டியும் கிடையாது. கழுத்தில் தொங்குகிற பிளாஸ்டிக் பவுச் வாங்குங்க. ஈர ஸ்க்ரீனில் டச் வேலை செய்யாது, வால்யூம் பட்டனை அழுத்திப் படம் எடுங்க. மேப்பை முன்னாடியே டவுன்லோடு பண்ணிக்கோங்க. எந்தப் படகு, எத்தனை மணிக்குத் திரும்பும் என்று வீட்டுக்கு ஒரு மெசேஜ். குடை வேண்டாம். வள்ளத்தில் ஒரு காற்றடித்தால் குடை பாய்மரம் ஆகிவிடும்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. கேரளத்தில் மழைக்காலம் எலிக்காய்ச்சல் காலமும்கூட. காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்காதீங்க. ஊர் திரும்பி இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால், வத்திராயிருப்பு ஆஸ்பத்திரியில் சும்மா 'காய்ச்சல்' என்று சொல்லி மாத்திரை வாங்காமல், 'கேரளாவில் மழைத் தண்ணியில் இறங்கினேன்' என்று டாக்டரிடம் சொல்லுங்க. அந்த ஒரு வரியை வைத்துத்தான் அவர் சரியான டெஸ்ட் எழுதுவார்.

அந்தத் தண்ணீரில் குடியிருப்பவர்கள்

மன்றோ துருத்தில் வள்ளம் போகும்போது, சில வீடுகளின் சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருப்பதைப் பார்ப்பீங்க. சில வீடுகள் காலியாக இருக்கும். கதவில்லாத நிலை, பாசி பிடித்த திண்ணை. பழைய காலத்து அழகு என்று நினைத்துப் போட்டோ எடுக்கிறவர்கள் உண்டு. அந்த வீட்டுக்காரர்கள் ஏற்ற நீர் தாங்காமல் கிளம்பிப் போனவர்கள்.

கடல் ஏற்றத்தின்போது தீவின் பல வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிடுகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு இது அதிகமானதாக ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். தென்மலையில் கல்லடை ஆற்றின் குறுக்கே அணை வந்த பிறகு, வருஷா வருஷம் வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டல் நின்றுபோனதும் ஒரு காரணம் என்பார்கள். இந்தத் தீவே அந்த வண்டலில் உண்டானதுதான். கண்மாய்க்கு வரத்து வாய்க்கால் அடைபட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். இங்கே தண்ணீர் வருகிறது, மண் வருவதில்லை. உப்பு ஏறித் தென்னை காய்ப்பதில்லை, கழிவறை நிரம்பிவிடுகிறது, செத்தவரைப் புதைக்க உலர்ந்த மண் தேட வேண்டியிருக்கிறது.

அதனால் அங்கே நீங்கள் கேட்கிற 'இன்னைக்குத் தண்ணி நல்லா ஏறியிருக்கா?' என்கிற கேள்வி, ஓடக்காரருக்கு வேறு மாதிரி காதில் விழும். உங்களுக்கு அது நல்ல சவாரி. அவர் வீட்டில் கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்திருப்பார்கள். கால்வாயில் போகும்போது கொல்லையில் துணி துவைக்கிறவர்களைப் படம் எடுக்காதீங்க, அது அவர்கள் வீடு. மோட்டார் படகில் சின்னக் கால்வாய்க்குள் வேகமாகப் போகச் சொல்லாதீங்க, அலை அடித்துக் கரை மண் கரையும். தங்கினால் உள்ளூர்க்காரர் நடத்துகிற வீட்டில் தங்குங்க. மழையினால் பயணத்தை ரத்து செய்ய நேர்ந்தால், அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போடாமல் வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மழைக்காலம் அவர்களுக்கு வருமானம் ரொம்பக் குறைந்த காலம்.

கொல்லத்திலிருந்து மன்றோ துருத்துக்கு ரயிலில் போகும்போது, பெரிநாடு தாண்டியதும் காயல் மேல் பெருமண் பாலம் வரும். 1988 ஜூலை 8, ஐலேண்ட் எக்ஸ்பிரஸ் பெட்டிகள் இங்கேதான் காயலில் விழுந்தன. 105 பேர் இறந்தார்கள். தண்ணீரில் குதித்து முதலில் ஆட்களைக் காப்பாற்றியவர்களில் அக்கம்பக்கத்து மீனவர்கள் பலர். இன்றைக்கும் அந்தப் பாலத்தில் வண்டி போகும்போது வயசான பயணிகள் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பதைக் கவனிக்கலாம்.

மலை தாண்ட முடியாது, தமிழ்நாட்டிலேயே ஏதாவது சொல்லுங்க என்பவர்களுக்கு, ராமநாதபுரம் மாவட்டம் காரங்காடு. வனத்துறை அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறது, கயாக் துழாவலாம். தூரம் பரவாயில்லை என்றால் சிதம்பரம் பக்கத்துப் பிச்சாவரம். இரண்டுமே கிழக்குக் கரை என்பதால் மழை அக்டோபருக்குப் பிறகுதான். புயல் சின்னம் உருவானால் படகு நிறுத்திவிடுவார்கள், கிளம்பும் முன் போன் போட்டுக் கேட்டுக்கோங்க.

கொல்லத்திலிருந்து திரும்பும்போது ஈரத் துணியைப் பிளாஸ்டிக் கவரில் அமுக்கி வைக்காதீங்க, நாறிவிடும். தென்மலை வரை ரெயின்கோட்டைப் பையிலேயே வையுங்க, ஜன்னல் வழியாகச் சாரல் அடிக்கும். குகையைத் தாண்டிச் செங்கோட்டைப் பக்கம் இறங்கியதும் எடுத்துப் பெட்டிக் கொக்கியில் மாட்டுங்க. தென்காசிக் காற்று ஒரு பக்கமும் கடையநல்லூர்க் காற்று இன்னொரு பக்கமும் அடித்து, ராஜபாளையம் வருவதற்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும்.